மாதம் ஒரு சத்தம்

நாள் முழுக்கக் காதுப் பரிசோதனை நிலையத்தில் ‘பீப்’ போடுகிறவளுக்குச் சத்தத்தின் மேல் ஆசை வருமா என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கு வந்தது. புதிதாகக் காது மிஷின் மாட்டிக்கொண்டு வெளியே போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. தங்கள் செருப்புச் சத்தத்தைக் கேட்டு யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். காகிதம் கசங்கினால் சிரிப்பார்கள். நல்ல காது இருக்கிற நாம் எதைக் கேட்கிறோம் என்று தோன்றியது.

அப்படித்தான் ‘மாசம் ஒரு சத்தம்’ என்று போனில் ஒரு குழு ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒரு தலைப்பு. எல்லாருக்கும் ஒரே தலைப்பு. அதை வைத்து ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்துக்குச் சத்தம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். பேச்சு மட்டும் வரக்கூடாது. சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டார் எல்லாரையும் சேர்த்தேன். தங்கையையும், அவள் கணவரையும்.

உண்மையில் தங்கைக்காகத்தான் இவ்வளவும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்துகொண்டே போனது. போன் செய்தால் ‘ம்’, ‘சரிக்கா’, ‘அப்புறம் பேசறேன்’. அவள் கணவருக்கு எங்கள் குடும்பத்தில் ‘சர்க்கரை’ என்று பெயர். இன்ஷூரன்ஸ் வேலை. அவ்வளவு இனிக்க இனிக்கப் பேசுவார். “அண்ணி ஆரம்பிச்சா நல்லதாத்தான் இருக்கும். கண்டிப்பா அனுப்பச் சொல்றேன்” என்றார்.

முதல் மாதத்துக்கு ‘வீட்டுக்கு ஆள் வர்ற நேரம்’ என்று தலைப்பு வைத்தேன். ஒருத்தரும் அனுப்ப மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தது. எங்கள் நிலையத்து டாக்டரம்மா வீட்டு நாய் தரையில் நகம் சறுக்க ஓடி வருகிற சத்தம். சித்தி மகன் வீட்டில் குழந்தை ‘ஹே’ என்று கத்த, உடனே ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம். பஸ் ஓட்டுகிற என் கணவர், வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றி நாற்காலியில் விழுந்து ‘அப்பாடா’ என்பதை அனுப்பினார். ‘அப்பாடா’ பேச்சா இல்லையா என்று குழுவில் பெரிய வழக்கே நடந்தது.

சாயங்காலம் சமைத்துக்கொண்டிருந்தபோது தங்கையின் பதிவு வந்தது. கேட்டேன்.

குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் லிஃப்ட் கதவு திறக்கிற ஓசை. குழாய் சட்டென்று நின்றது. காலடிகள் நெருங்கின. சாவிக்கொத்து குலுங்கியது. இரும்பில் இரும்பு உரசி, ஏதோ கனமாக விழுந்து தொங்குகிற மாதிரி ஒரு ‘டங்’. போனுக்குப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்த அவள் மூச்சு அந்த இடத்தில் நின்றுவிட்டது. கதவு திறந்தது. ஓர் ஆண் குரல், ரொம்ப மெதுவாக: “போனை எதுக்கு மறைக்கிற?”

அத்தோடு முடிந்தது.

என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“இது கதவுச் சாவி இல்ல,” என்றார். “இது பூட்டு. வெளியில தாழ்ப்பாள் போட்டு, பூட்டைத் தொங்க விட்டுட்டுப் போயிருக்கான்.”

“உள்ள அவ இருக்கும்போதா?”

அவர் தன் போனை எடுத்தார். அவள் தெரிந்து அனுப்பினாளா, பயத்தில் விரல் பட்டுப் போய்விட்டதா? எதுவானாலும் அந்தக் குழுவில் அவள் கணவரும் இருக்கிறார். நானே என் கையால் சேர்த்தேன். அவர் கேட்டுவிட்டால்?

யோசிக்காமல் அந்தப் பதிவை எல்லாருக்குமாக அழித்தேன். அழித்த கையோடு போன் அடித்தது. சர்க்கரை.

“என்ன அண்ணி, அவ அனுப்பினதை டெலீட் பண்ணிட்டீங்க? நான் கேக்கலாம்னு எடுத்தேன், காணோம்.”

“பேச்சு வரக்கூடாதுன்னு ரூல் இருக்குல்ல தம்பி. ஏதோ டிவி பேசுற மாதிரி இருந்துது. அதான்.” என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

“டிவியா?” என்றார். “சரி அண்ணி. ரூல்னா ரூல்தான். நல்லதா ஒண்ணு அனுப்பச் சொல்றேன்.”

கொஞ்ச நேரத்தில் தங்கையின் போனிலிருந்து இன்னொரு பதிவு வந்தது. காலிங் பெல், கதவு, வளையல் குலுங்கல், பிறகு அவள் சிரிப்பு. குழுவில் எல்லாரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். நான் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். என் தங்கை சிரித்தால் முதலில் மூக்கால் ஒரு சத்தம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்தச் சிரிப்பில் அது இல்லை. யாரோ சொல்லிச் சிரித்த சிரிப்பு.

நேரே போய்க் கதவைத் தட்டலாம் என்றார் என் கணவர். தட்டினால் சர்க்கரை சிரித்துக்கொண்டே உட்கார வைப்பார். இவளும் “எனக்கென்னக்கா, நல்லா இருக்கேன்” என்பாள். நாங்கள் கிளம்பிய பிறகு என்ன நடக்கும்? அவளோடு தனியாகப் பேச வேண்டும். ஆனால் அவர் அவளைத் தனியாக விடுவதே இல்லை.

மறுநாள் வேலையில் பரிசோதனை அறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அறைக்குள் ஒரு சின்ன அறை, கண்ணாடி ஜன்னல் வைத்த, சத்தம் புகாத கூண்டு. உள்ளே இருப்பவர் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் கையிலுள்ள பட்டனை அழுத்துவார். வெளியே என் மேஜையில் பச்சை விளக்கு எரியும். மைக்கில் நான் பேசினால் உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். துணைக்கு வந்தவர்கள் வரவேற்பறையில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கலாம், கேட்க முடியாது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கூட்டிட்டு வரச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார்.

சர்க்கரைக்குப் போன் செய்தேன். “தம்பி, அவளுக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்கோன்னு சந்தேகமா இருக்கு. எங்க அப்பாவுக்கும் சின்ன வயசுலயே வந்துது.”

“அய்யோ அண்ணி, நானும் அதைத்தான் சொல்லிட்டே இருக்கேன். ஒரு தடவை கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா.”

இரண்டு பேரும் பகலில் வந்தார்கள். தங்கை இளைத்திருந்தாள். முழங்கை தாண்டிய நீளக் கை வைத்த சட்டை போட்டிருந்தாள். என்னைப் பார்த்து “எப்படிக்கா இருக்க?” என்றாள், அவரைப் பார்த்துக்கொண்டே. அவர் அறைக்குள்ளேயே வரப் பார்த்தார். “உள்ள ஒரு ஆள் மூச்சு விட்டாக்கூட டெஸ்ட் தப்பாயிடும் தம்பி” என்று சொல்லிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். அவர் எங்களுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் முதுகுதான் அவருக்குத் தெரியும். ஆனால் கூண்டுக்குள் இருக்கிற அவள் முகம் தெரியும்.

முதலில் நிஜமாகவே ‘பீப்’ போட்டேன். பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.

“முகத்தை மாத்தாத. அப்படியே உக்காந்திரு. நான் பேசறது உனக்கு மட்டும்தான் கேக்கும். ஆமான்னா பட்டனை அமுக்கு.”

அவள் இமைகூட அசையவில்லை.

“அதை நீ தெரிஞ்சுதான் அனுப்பினியா?”

பச்சை.

“வெளிய பூட்டிட்டுப் போறாரா?”

பச்சை.

“அடிக்கிறாரா?”

விளக்கு எரியவில்லை. அப்பாடா என்று நினைக்கப் போகும்போது எரிந்தது. அணைந்து மறுபடி எரிந்தது. அவள் முகம் மட்டும் மழை பார்க்கிறவள் மாதிரி சும்மா இருந்தது. பின்னால் நாற்காலி நகரும் அதிர்வு என் காலுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“எங்களோட வந்துடறியா?”

விளக்கு இல்லை. காத்திருந்தேன். இல்லை.

“உங்க மாமா பின்பக்கம் காரோட நிக்கிறார். இன்னிக்கே, இப்பவே. வர்றியா?”

பச்சை எரிந்தது. அணையவே இல்லை. பட்டனிலிருந்து அவள் விரலை எடுக்கவில்லை.

அதற்குள் டாக்டரம்மா வரவேற்பறைக்குப் போயிருந்தார். அவர் சிரித்துப் பேசுவதும், சர்க்கரை எழுந்து நின்று கும்பிடுவதும் தெரிந்தது. கதவைத் திறந்தபோது டாக்டரம்மாவின் பேச்சு கேட்டது. “உங்களை மாதிரி போன்லயே பேசுறவங்களுக்குத்தான் முதல்ல காது போகும். வந்தது வந்துட்டீங்க, நீங்களும் பாத்துக்குங்க. சொந்தக்காரங்களுக்கு ஓசி.”

சர்க்கரை தங்கையைப் பார்த்தார். “நீ இங்கயே உக்காரு. எங்கயும் போகாத,” என்றார். குரலில் தேன் சொட்டியது.

கூண்டுக்குள் அவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். “என் கை அசையறதைப் பாத்து நீங்க அமுக்கிட்டா ரிசல்ட் சரியா வராது தம்பி.” ஹெட்ஃபோனை மாட்டிவிடும்போது என் விரல் தவறி அவர் காதில் இடித்தது. “என்ன அண்ணி, பயமா?” என்று சிரித்தார். கனமான கதவைச் சாத்தினேன்.

பீப். பச்சை. பீப். பச்சை. கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். தங்கை எழுந்து நடப்பதைப் பார்க்காமல் கேட்டேன். அவள் செருப்பு சரக் சரக்கென்று போய், பின்பக்கக் கதவு ‘கிறீச்’ என்றது. அவருக்குக் கேட்காது என்று தெரியும். தெரிந்தும் என் உடம்பு அதை நம்பவில்லை. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். இல்லாத சத்தத்துக்கும் அவர் பட்டனை அழுத்தினார். தோற்கப் பிடிக்காத ஆள். கார் கிளம்புகிற ஓசை வரும்வரை பீப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

வெளியே வந்ததும் காலி நாற்காலியைப் பார்த்தார். “எங்க அவ?”

“எங்க வீட்டுக்குப் போயிட்டா தம்பி. இனி வரமாட்டா.” டாக்டரம்மா என் தோளை ஒட்டி நின்றார். வரவேற்பில் காத்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு என் பக்கத்தில் வந்து, “என் ரிசல்ட் எப்படி அண்ணி?” என்று கேட்டார். அப்புறம் சிரித்தபடியே போய்விட்டார். நான் கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். தங்கை சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டியபோது எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அழித்த பதிவை என் கணவர் முன்பே தன் போனில் எடுத்து வைத்திருந்தார். அதைக் கேட்டுவிட்டு சர்க்கரையைக் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினார்கள். ஆனாலும் சில நாள் எங்கள் தெரு முனையில் அவர் நின்றார். ஒன்றும் செய்யமாட்டார், நிற்பார். தெருவில் யார் குடை பிடித்து வந்தாலும் அவராகத் தோன்றும். பிறகு மறுபடி போலீஸ், வக்கீல், கிட்டே வரக்கூடாது என்று கோர்ட் தடை. நிற்பது நின்றது. வழக்கு இன்னும் நடக்கிறது.

குழுவை மூடிவிட நினைத்தேன். அதனால்தானே இவ்வளவும் என்று ஒரு பக்கம், அது இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பக்கம். அடுத்த மாதம் பிறந்ததும் எல்லாரும் தலைப்புக் கேட்டார்கள்.

“மூடிட்டேன்னு சொல்லிடலாம்டி,” என்றேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு மூடணும்? ‘சண்டை’ன்னு வை.”

“சண்டையா? யாருடி அதை அனுப்புவா?”

“நாம அனுப்புவோம். இந்த மாசம் பேச்சும் வரட்டும். என் நீலச் சீப்பை எடுத்துட்டு இன்னிவரைக்கும் நீ திருப்பித் தரல.”

“நான் எங்கடி எடுத்தேன்? நீதான் ஸ்கூல்ல தொலைச்சுட்டு வந்த!”

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேரும் வாயை மூடினோம். அவள் கையில் பாதி மடித்த துண்டு அப்படியே நின்றது. யாரோ எதிர் வீட்டில் பேசினார்கள். பைக் மறுபடி கிளம்பி, தெருவைத் தாண்டிப் போனது.

அவள் துண்டை மடித்து முடித்தாள்.

“பொய் சொல்லாத,” என்றாள். “நீதான் எடுத்த.”