மகாராணியிடம் கேட்கவில்லை

சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு அவள் மடிக்கணினியை மூடுவாள். கைப்பேசியைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைப்பாள். பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போவாள். ஆறு மணி வரைக்கும் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. உலகமே தலைகீழாகப் புரண்டாலும் சரி, அந்த ஒரு மணி நேரம் அவளுடையது.

பகல் முழுக்க அவளுக்கு வீடியோ பார்க்கிற வேலை. ஆகா, கொடுத்து வைத்தவள் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். ஊர் உலகத்தில் எவரெவரோ போடுகிற வீடியோக்களில் ஏதாவது ஒன்றைப் பற்றி யாராவது புகார் செய்தால், அது அவள் திரைக்கு வரும். அடிதடி, ரத்தம், ஆபாசம், அழுகை என்று ஒரு நாளைக்கு எண்ணூறு. ஒவ்வொன்றையும் பார்த்து முடித்ததும் முடிவு சொல்லப் பத்து நொடி. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘நீக்கு’, ‘விடு’. எட்டு மணி நேரம் இதே பிழைப்பு.

இரண்டு வருடத்தில் தூக்கம் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் இருக்கிற கணவன் முகத்தைப் பார்த்துக்கூட விரல் பொத்தானைத் தேடியது. கண்ணில்தான் கோளாறு என்று மருத்துவரிடம் போனாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைக்குத்தான் மூச்சு முட்டுது. தினமும் ஒரு மணி நேரம் திரையே இல்லாத இடத்துல ஏதாவது கைவேல செய்யுங்க" என்றார் அவர்.

திரையே இல்லாத இடம் என்று பார்த்தால் வீட்டில் கொல்லைப்புறம் ஒன்றுதான் இருந்தது. அதுவும் கோரையும் முள்ளும் மண்டி, ஆள் நுழைய முடியாமல் கிடந்தது. முதல் வாரம் உள்ளங்கை கொப்பளித்தது. இரண்டாவது வாரம் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாவது வாரம், படுத்தால் விடிகிற வரைக்கும் தூங்கினாள்! மண்ணைக் கொத்தும்போது தலைக்குள் ஓடுகிற வீடியோக்கள் ஒவ்வொன்றாக நின்றன. அதைவிடப் பெரிய மருந்து, அவள் களைகளோடு பேசியதுதான். "வாடா வெளிய, உனக்கு அவ்வளவு கொழுப்பா? நேத்துதானே உன் அண்ணன புடுங்கினேன்?" என்று வாய்க்கு வந்தபடி திட்டுவாள், பாடுவாள், சிரிப்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் காலி மனை. கேட்பாரில்லை.

கணவன் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியன். நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவான். ஆறு மணிக்கு அவள் மண்ணும் வேர்வையுமாகக் கதவருகே வந்தால், தேநீரை நீட்டி, "வாங்க, வாங்க, மண்வெட்டி மகாராணி!" என்று கும்பிடு போடுவான். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போகும். அந்தப் பேர் அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த செல்லப் பேர். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஒரு புதன்கிழமை மதியம். நானூற்றுச் சொச்சமாவது வீடியோ. மேலே எங்கிருந்தோ எடுத்தது. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். பின்னால் சோகமாக ஒரு குழல் இசை. ரத்தம் இல்லை, ஆபாசம் இல்லை, அடி உதை இல்லை. விதிப்படி பார்த்தால் ஒன்றுமில்லை. விரல் ‘விடு’ பொத்தானுக்குப் போய்விட்டது. போன விரல் அப்படியே நின்றது.

அந்தச் செருப்பு அவளுடையது. அந்த முதுகும் அவளுடையது. கீழே எழுதியிருந்தது: "மண்வெட்டி மகாராணி, பாகம் 9. இன்று மகாராணி அழுகிறாள்."

போன மாதம் ஒரு நாள், பகலில் பார்த்த ஏதோ ஒரு கொடுமை நெஞ்சை அடைக்க, கொல்லையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது தீர்த்ததும் லேசாக இருந்தது. உள்ளே வந்தபோது கணவன், "என்னம்மா, முகமெல்லாம் வீங்கியிருக்கு?" என்று கேட்டான். "தூசி விழுந்துடுச்சு" என்றாள். "கண்ணக் கழுவு" என்றான். கேட்கும்போதே எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறான்! மாடி ஜன்னலில் நின்று அவள் அழுகையைப் படம் பிடித்துவிட்டு, கீழே இறங்கி வந்து ஒன்றும் தெரியாதவனைப் போலத் தேநீர் நீட்டியிருக்கிறான்.

மொத்தம் பதினான்கு பாகங்கள். இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். "இது மெண்டலா?" "செம காமெடி." "அடுத்தது எப்போ வரும்?" அவள் களைகளைத் திட்டிய திட்டையெல்லாம் யார் யாரோ திரும்ப எழுதிச் சிரித்திருந்தார்கள். புகார் செய்தவர் மட்டும், முன்பின் தெரியாத யாரோ ஒரு புண்ணியவான், ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இந்தம்மாவுக்குப் படம் எடுக்கறது தெரியாதுபோல இருக்கு."

தெரிந்தவர் சம்பந்தப்பட்ட வீடியோவை அவள் முடிவு செய்யக் கூடாது. அது விதி. இதே வேலை செய்கிற வேறொருவருக்குத் தள்ளிவிட்டாள். பத்தே நொடியில் முடிவு வந்தது: ‘விடு’.

அந்த ஆளைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. தூங்குகிறவர்கள், தடுக்கி விழுகிறவர்கள், வரிசையில் நின்று அழுகிறவர்கள் என்று எத்தனை பேரை அவளே பத்து நொடியில் ‘விடு’ என்று தள்ளியிருப்பாள்! அவர்களுக்குத் தெரியுமா, சம்மதமா என்று ஒரு நாளாவது யோசித்தாளா? அவமானம் ஒரு பக்கம், குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். நாற்காலியில் உட்கார முடியவில்லை.

நாலு மணிக்குக் கணவன் வந்தான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அசடு வழியச் சிரித்தான்.

"உனக்கே வந்துடுச்சா? நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எத்தன பேரு உன்னப் பாத்துட்டு வீட்டுல செடி வெக்க ஆரம்பிச்சிருக்காங்க தெரியுமா? நல்ல விஷயம்தானே?"

"நான் அழுததும் நல்ல விஷயமா?"

"அது வந்து... எல்லாரும் உருகிட்டாங்க. ஆறுதல் சொல்லி எழுதியிருக்காங்க, பாரு."

"நீங்க சொன்னீங்களா ஆறுதல்? கண்ணக் கழுவச் சொன்னீங்க."

அவன் திரையை மூடக் கை நீட்டினான்; அவள் தடுத்தாள்.

"பதினாலு தடவ எடுத்திருக்கீங்க. ஒரு தடவயாவது என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. அவள் அவனையே பார்த்தாள். எட்டு வருடம் கூட வாழ்ந்தவன். முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாக நிற்கலாம் என்று அவள் நம்பிய ஒரே ஆள். அந்த முதுகையே விற்றுவிட்டானே என்று நெஞ்சு எரிந்தது.

அவள் கண்ணெதிரிலேயே பதினான்கையும் அழித்தான். அதற்குள் எத்தனை பேர் எடுத்து வைத்துக்கொண்டார்களோ, அதை யார் கணக்கெடுப்பது?

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் கொல்லைக்குப் போனாள். மாடி ஜன்னல் மூடியிருந்தது. குனிவதற்கு முன் கை தானாகப் போய் மேலாடையை இழுத்துவிட்டது. ஒரு கோரையைப் பிடுங்கினாள். திட்ட வாயெடுத்தாள், வார்த்தை வரவில்லை. வாயை மூடிக்கொண்டு கொத்தினாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். காலி மனையைப் பார்த்தாள். கால் மணி நேரத்தில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

கணவன் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாய் ஒரு தடவைகூட அசையவில்லை என்பதையும் பார்த்தான். அன்றைக்கு அவனுக்கு ‘மகாராணி’ என்று கூப்பிட நாக்கு எழவில்லை.

அவள் மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"இப்ப எதுக்கும்மா அது? மணி அஞ்சேகால்தானே ஆகுது?" என்று கேட்டான்.

"அங்க போனாலும் யாரோ பாக்கற மாதிரியேதான் இருக்கு. அதுக்கு இங்கயே இருந்துட்டுப் போறேன்."

"தப்புதான். பெரிய தப்புதான். அழிச்சா சரியாப் போயிடும்னு நெனச்சேன். உன்னோட அந்த ஒரு மணி நேரத்தையே நாசம் பண்ணிட்டேன்." அவன் கண் கலங்கிவிட்டது. "இத நான் எப்படித் திருப்பித் தருவேன், சொல்லு?"

அவள் கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பு இருந்தால்தானே!

"எனக்கு உங்களால திருப்பித் தர முடியாதுங்க. அதுவா வந்தா வரட்டும். ஆனா இனிமே யார எடுக்கறதா இருந்தாலும், பொண்டாட்டியோ, பெத்தவங்களோ, தெருவுல போறவங்களோ, மொதல்ல மூஞ்சியப் பாத்துக் கேளுங்க. வேண்டாம்னா போன உள்ள வெச்சிடுங்க. வேண்டாம்னு சொல்லிடுவாங்கன்னு தெரிஞ்சு, கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு பாசமில்ல, திருட்டு."