கதிர் அறுப்பவளின் சுண்டுவிரல்

மேடையில் ராஜபாண்டி சார் என் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார். அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

அவர் என் ஆய்வு நெறியாளர். அன்செல்ம் வெர்தியே என்ற பிரெஞ்சுச் சிற்பியைப் பற்றி நான் ஏழு வருடம் எழுதினேன். அதற்காகவே, வாடிப்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே பிரெஞ்சு படித்தேன். சாருக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. "திருத்தித் தாரேன், குடுத்துட்டுப் போ தாயி" என்று நான் எழுதியதையெல்லாம் தன் திருநகர் வீட்டில் வாங்கிவைத்தார். ஒரு வருடம் கழித்து, "நம்ம புத்தகம் வருது, அம்மாவக் கூட்டிட்டு வா" என்று போன் செய்தார். அந்த 'நம்ம'வை நம்பி, அறுப்பு வேலைக்குப் போகவிருந்த அம்மாவைக் கூட்டிவந்தேன். முன்னுரையின் கடைசி வரியில் எனக்கும் இடம் போட்டிருந்தார்: தட்டச்சு உதவி, முத்துமீனா.

வெர்தியே கலைக்கல்லூரியில் முறையாகப் பயின்றவர். அரசாங்கப் பரிசு பெற்று ரோமுக்குப் போனார், ஊர் ஊராகச் சிலை வைத்தார், புதுப் பாணி வந்ததும் மறக்கப்பட்டார். இளமையில் அவர் வடித்த சிலைகளில் அவருடைய ஆசிரியர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "அந்த வாத்தியாரெல்லாம் ஒரு மனுசனா?" என்று கொதித்தவர் இதே சார்தான்.

இப்போது மைக்கில் உருகிக்கொண்டிருந்தார். "அவரோட 'கதிர் அறுப்பவள்' சிலைய பாரிசுல நேர்ல பாத்தேன். அருவா பட்டு வளைஞ்ச அந்தச் சுண்டுவிரல் இருக்கே, அடடா!"

அந்தச் சிலையை 1942இல் போருக்காக உருக்கிவிட்டார்கள். அந்தத் தகவல் என் பிரெஞ்சுக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது, சாரிடம் கொடுத்ததில் இல்லை. மிஞ்சிய ஒரே போட்டோவில் கை தெரியாது. உறுதியாகாததைச் சிவப்பில் எழுதுவது என் பழக்கம். சிலையின் கை எப்படி இருந்தது என்று கேட்டதற்குப் பாரிசிலிருந்து பதில் வரும்வரை, பக்கத்தில் தூங்கிய அம்மாவின் விரலைப் பார்த்து அந்தச் சுண்டுவிரலைச் சிவப்பில் எழுதிவைத்திருந்தேன். சார் திருத்தியது ஒன்றே ஒன்று, சிவப்பைக் கறுப்பாக்கியிருந்தார்.

எழுந்தேன். "சார், அந்தச் சிலைய உருக்கி எம்பது வருசமாச்சு. நீங்க சொல்றது எங்கம்மா வெரலு. எழுதுனது நான்." அம்மாவின் கையை எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினேன்.

சார் முகம் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பாத்தீங்களா! வெர்தியே வடிச்ச கை நம்ம வாடிப்பட்டியிலயும் இருக்கு! மலையம்மா அக்கா, மேடைக்கு வாங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவரே கீழே இறங்கி வந்து அழைத்துப்போய் அம்மாவுக்குச் சால்வை போர்த்தினார். அம்மா கூச்சத்தோடு கும்பிட்டாள். அந்த வளைந்த விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் நின்றது.

திரும்பி வந்து உட்கார்ந்தவள், சால்வையைத் தடவிக்கொண்டே என் காதருகே குனிந்தாள்.

"எம்புட்டு நல்ல மனுசன்! சபையில என்னைய மதிச்சுக் கூப்பிட்டாரு. அவரப் போயி வெடுக்குன்னு பேசிட்டியேடி. போ, மன்னிப்புக் கேட்டுட்டு வா."