தொர்வால் போட்ட மற்ற பாட்டுகள்

எமில் தொர்வால் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். 'ஈரக் கூரைகள்.' பியானோவுக்கு எழுதியது. அவர் பெயர் தெரியாதவர்கள்கூட அதைக் கேட்டிருப்பார்கள். லிஃப்டில், பல் ஆஸ்பத்திரியில், பெயின்ட் விளம்பரத்தில்.

என் மனைவி சுமலதா பள்ளியில் இசை ஆசிரியை. வீட்டுக் கீபோர்டில் தினமும் அதைத்தான் வாசிப்பாள். போன ஆடியில் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். கண் திறக்காமலே இறந்துபோனாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அவள் அம்மா சுலோசனா தவளக்குப்பத்தில் பஸ் ஏறி, உழவர்கரையில் நான் இருக்கும் மாடி வீட்டுக்கு வருவார். தூக்குவாளியில் மீன் குழம்பு இருக்கும். மருமகன் முன்னால் நாற்காலியில் உட்காரும் பழக்கம் அவருக்கு இல்லை. சமையலறை வாசலில் தரையில் உட்காருவார். நான் சாப்பிடுவேன். பேச ஒன்றும் இருக்காது.

ஒருநாள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, அவ வாசிச்ச பாட்ட போட்ட ஆளு வேற பாட்டே போடலியா?"

"தெரியல அத்தை."

"லீவுக்கு வந்தா இதயும் தூக்கிக்கினு வந்து மண்ட காயறவரைக்கும் ஒரே பாட்ட தட்டுவா. வேற வாசிடின்னா, 'போம்மா'ன்னுவா."

போனில் தேடினேன். தொர்வால் சாகிறவரை எழுதியிருக்கிறார். பட்டியல் உருட்ட உருட்ட வந்தது. கண்ணில் பட்ட ஒன்றை ஸ்பீக்கரில் போட்டேன். நான்கு தந்திக் கருவிகளுக்கானது.

"என்னா, பீரோவ இழுக்கறாங்களா?"

"வயலின் அத்தை."

"அடப்பாவி. நல்ல வயலினயா?"

எனக்குப் புரையேறியது. தலையில் தட்டத் தூக்கிய கையை அவர் பாதியில் நிறுத்தித் தண்ணீரை நகர்த்தினார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் ஒன்று. இரும்புத் தகடுகளுக்கும் முரசுகளுக்கும் எழுதிய ஒன்று, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும், தகடு அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பைப் போலவே இருந்தது. அத்தை நெல் மிஷின் என்றார். குழந்தைகளுக்கான பாடல்களை "இத கேட்டா புள்ள தூங்குமா, பயந்து ஓடுமா?" என்றார். தனிப் புல்லாங்குழலுக்கு ஒன்று. அதில் நடுநடுவே நீண்ட மௌனம். முடிந்துவிட்டது என்று அத்தை பாத்திரம் கழுவ எழுந்திருப்பார். குழல் மறுபடி வரும். உட்காருவார். மறுபடி எழுவார்.

"முடிஞ்சா முடிஞ்சிதுன்னு சொல்ல வேணாமா? முட்டி வலிக்குது" என்று பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு மேல் எழவில்லை. கடைசி மௌனம் முடிந்த பிறகும் அப்படியே இருந்தார். நானும் இருந்தேன். அந்த அறையில் இரண்டு பேர் இருப்பது எனக்கு வெகுநாளைக்குப் பிறகு தெரிந்தது.

ஒரு ஞாயிறு கேட்டார். "இவருக்குக் குடும்பம் இருந்துதா?"

"மூணு, அத்தை."

"மூணு புள்ளயா?"

"மூணு கல்யாணம்."

"அதான் இத்தன விதமா போட்டுக்கீறாரு." சிரித்தார். பிறகு, "மொத ஆளு செத்துட்டாளா?"

"ஆமா."

தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. போன் வந்தது.

"இனிமே வரல மாப்ள. எங்க பிரேமு சொல்றது நாயந்தான். தெவசம் வருது. உங்க அம்மா பொண்ணு பாக்கறாங்களாம். செத்தவளோட ஆத்தா அங்க குந்திக்கினு இருந்தா எவன் பொண்ணு குடுப்பான்? நீங்க அந்தப் பாட்டுங்கள கேளுங்க. விட்டுடாதீங்க."

பிரேம்குமார் அவருடைய மூத்த மகன்.

"சரி அத்தை" என்றேன்.

ஸ்பீக்கரில் தொர்வால் எழுதிய ஓபராவைப் போட்டேன். யாரோ பாடினார்கள். வாத்தியங்கள் வந்தன, போயின. நெல் மிஷினா, பீரோவா, எதுவென்று சொல்ல ஆளில்லை. நிறுத்தினேன். ஸ்பீக்கரைப் பையில் போட்டு வண்டியை எடுத்தேன்.

பிரேம்குமாரின் ஹார்டுவேர் கடை தவளக்குப்பம் கூட்ரோட்டில் இருக்கிறது. வீடு பின்னால். கல்லாவிலிருந்து எழுந்தார்.

"வாங்க மாப்ள. பையில என்னா?"

"ஸ்பீக்கர். அத்தை பாட்டு கேக்கறதுக்கு."

அவர் முகம் மாறியது. "உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். ஊருல நாலு பேரு..."

"அவங்க அங்க வரக் கூடாது, சரி மச்சான். நான் இங்க வரலாம்ல?"

கையிலிருந்த பைப் எல்போவை டப்பாவில் போட்டார். "உங்கள யாரு வராதன்னது? வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க."

அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் சாய்ந்தது.

"இன்னா மாப்ள, சொல்லாம கொள்ளாம? நான்தான் வேணான்னனே. நாளைக்கு ஒருத்தி வர வேணாமா?"

"வர்றப்ப வரட்டும் அத்தை. வர்றவளும் இதக் கேக்கட்டும்."

"கேட்டா ஓடிப்புடுவா." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இன்னிக்கி எது?"

"ஓபரா. நம்ம கூத்து மாதிரி, கத முழுக்கப் பாட்டு. நாலு மணி நேரம்."

"நாலு மணி நேரமா! சோறு யாரு ஆக்கறது?"

"ஒரே நாள்ல வேணாம். வாராவாரம் கொஞ்சம் கேக்கலாம்."

"அது முடிஞ்சிதுன்னா?"

"இன்னும் நெறைய போட்டிருக்காரு அத்தை."

முறத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். பிளக்கைச் செருகினேன். ஒரு பெண் குரல் மேலே மேலே போனது. கடையிலிருந்து பிரேம்குமார் கத்தினார்.

"யம்மா! யாரு உள்ள அழுவறது?"

"அழுவலடா, பாடறா! நீ போயி ஆணிய எட போடு."

ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன்.