மெஷினுக்குள் கிடந்த சீட்டு

அன்றுதான் ஜெசிக்கா கோயிலில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் நாள். வெள்ளைச் சட்டையும் முக்காடும் போட்டு, சப்பாத்து அழுக்காகிவிடும் என்று கதிரையை விட்டு இறங்காமல் பிள்ளை வீட்டில் காத்திருந்தது. தகப்பன்காரன் ஹென்றியோ செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு மூலை பாரில், சூது மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்தார். பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பட்டப்பகலிலும் இருட்டிக் கிடந்த அந்த இடத்துக்குப் பட்டுச் சேலையோடு வரவேண்டிய தன் விதியை நொந்தபடி தாய்க்காரி மாக்கிரட் உள்ளே போனாள்.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. அப்பா வந்தால்தான் வெளிக்கிடுவன் எண்டு பிள்ளை நிக்கிறாள்."

"கொஞ்சம் பொறு. இப்ப எழும்பினா என்ர முறையை வேற ஒருத்தன் கொண்டு போயிடுவான்."

முறை! மாக்கிரட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அவளுடைய சொல். கோயில் பங்குச் சனத்துக்குள் சீட்டுப் பிடிக்கிறவள் அவள்தான். மாதாமாதம் எல்லோரும் போடுவார்கள், ஆளுக்கொரு முறை எடுப்பார்கள். அவசரக்காரர் ஒரு பகுதியை மற்றவர்களுக்குக் கழிவாக விட்டு முந்தி எடுப்பார்கள், கடைசிவரை பொறுத்தவருக்கு முழுச் சீட்டு. ஒருவருடைய காசும் ஒருநாளும் போனதில்லை. இந்த மனுசன் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிவந்து இந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மாரிகாலம் முழுக்கப் போட்டாயிற்றாம், பொறுத்தாயிற்றாம், ஆகவே தனக்குத்தான் வரவேண்டுமாம். விசர் என்று திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. அவளுடைய நேர்மையை நம்பியல்லவா இதையும் நம்பினார்.

பக்கத்து மெஷினைத் திறந்து ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார். இந்த நாட்டுக்கு வந்து வகுப்பில் படித்த பிரெஞ்சைக் கூட்டிப் பொறுக்கி அவரிடம் கேட்டாள். இவர் நெடுகப் போடுகிறார், இந்த மெஷின் அதை நினைவில் வைத்திருக்குமா?

அவர் சிரிக்கவில்லை. "அதற்கு யாரையும் தெரியாது, மதாம். இன்றைக்குத்தான் முதல்முறை வருகிறவருக்கும் உங்கள் கணவருக்கும் ஒரே வாய்ப்புத்தான். நெடுக விளையாடினால் மெஷின்தான் வெல்லும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள்" என்றார்.

அதை அவள் தமிழில் சொன்னாள். ஹென்றி திரும்பியும் பார்க்கவில்லை.

"அவன் அவையின்ர ஆள். வேற என்னத்தைச் சொல்லுவான்?"

"அப்ப தள்ளுங்கோ. நான் ஒருக்கா அமத்துறன். ஒண்டும் வராட்டி எழும்பி வருவியளோ?"

ஹென்றி கதிரையை விட்டுக்கொடுத்தார். "ஓம், வாறன்."

மாக்கிரட் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சுரூபத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தோனியாரே, ஒரு சதமும் விழக்கூடாது. தோற்கவேண்டும் என்று அந்தக் கதிரையிலிருந்து மன்றாடியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அழுத்தினாள்.

படங்கள் சுழன்று நின்றன. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பெட்டி முழுக்க மின்னி, மணி அடிக்கத் தொடங்கியது. பாரில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியே!" ஹென்றியின் கண் கலங்கிவிட்டது. "என்ர காசு எங்கயும் போகேல்லை. உள்ளுக்கதான் கிடந்தது. இது கழிவுதான், முழுச் சீட்டு இனித்தான் வரும்."

மாக்கிரட் திருத்துகிறவரைப் பார்த்தாள். தற்செயல், மதாம், என்று அவர் கையை விரித்தார். அது அவளுக்கு விளங்கியது. அவர் சொன்னதுபோலவே, முதல்முறை வந்தவளுக்கு விழுந்திருக்கிறது. ஆனால் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அதை யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது?

"பூசைக்கு நேரமாச்சு."

"நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நான் பேந்து வாறன். பூசை கிழமைக்குக் கிழமை வரும்தானே."

"முதல் நன்மை ஒருக்காத்தான் வரும்."

அவர் காதில் அது விழவில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து அழுத்தத் தொடங்கிவிட்டார். அவருடைய தோளைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டு, கையாலாகாமல் தனியே வெளியே வந்தாள்.

வீட்டில் ஜெசிக்கா இன்னும் கதிரையில்தான் இருந்தாள்.

"அப்பா எங்க?"

"அப்பாவுக்குக் காசு விழுந்திருக்கு, குஞ்சு."

பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இனி அங்க போகமாட்டார்தானே, அம்மா?"

மாக்கிரட் குனிந்து, சரியாகவே இருந்த முக்காட்டை மறுபடியும் சரிசெய்தாள்.