தங்க இடம் கேட்டவர்

என் கணவர் வீரகத்திக்கு யாரையும் இல்லை என்று அனுப்பத் தெரியாது. தெரிந்திருந்தால் கிளிநொச்சியில் இன்றைக்கு எங்களுக்கு ஒரு ஹோட்டல் இருந்திருக்கும்.

கண்டி வீதியில், ரயில் ஸ்டேசனுக்குக் கிட்ட, அரசாங்கக் காணியில் எங்கள் தேத்தண்ணிக்கடை இருந்தது. தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டில்தான். பட்டினத்தைப் புதுப்பிக்கிறோம், கொட்டில்களெல்லாம் தைப்பொங்கலுக்கு முதல் எடுபட வேண்டும் என்று 1959இல் கடிதம் வந்தது. தங்கும் அறைகளோடு கல்வீடாக ஹோட்டல் கட்டினால் அதே காணியைத் தருவார்களாம். ஆனால் அப்படியொன்று இங்கே தேவையா என்று முதலில் ஓர் உத்தியோகத்தர் வந்து பார்ப்பாராம். காணி அலுவலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிற சனம் எங்கள் கடையின் வாங்குப் பலகைகளில் படுத்தெழும்பிப் போவதைத் தினமும் பார்ப்பவள் நான். தேவையா என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

உத்தியோகத்தர் யோகநாதன் கொழும்பு ரயிலில் வந்திறங்கி, கடையிலேயே இருந்து வருகிறவர்களை விசாரித்தார். முதலில் அகப்பட்டவர் முல்லைத்தீவுச் சூசைப்பிள்ளை. விடியத்தான் எங்கள் வாங்கிலிருந்து எழும்பிய மனிதர்.

"இரவிலை எங்கை தங்கினனீங்கள்?"

"எனக்கென்ன ஐயா, சொந்தக்காரர் வீடு இருக்கு."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அப்படித்தான். வந்த ஊரில் தனக்கொரு படலை திறக்காது என்று முன்பின் தெரியாத ஆளிடம் ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொய் ஐயா, இவர் இஞ்சைதான்..." என்று தொடங்கினேன். என் கணவர் முறைத்தார்.

"வந்த சனத்தை அவமானப்படுத்தாதை."

பின்னேரமானது. திரும்பும் ரயில் மறுநாள்தான். யோகநாதன் பையைத் தூக்கிக்கொண்டு, "இஞ்சை தங்கிறதுக்கு எங்கையாவது இடம்..." என்று இழுத்தார். என் மனம் துள்ளியது. ஸ்டேசனில் கிடந்து நுளம்புக் கடி வாங்கட்டும், ஹோட்டல் தேவை என்று விடிய அவர் கை தானாக எழுதும்!

"என்ன கதை இது? எங்கடை வீடு இருக்கேக்கை?" என்று பையை வாங்கிக்கொண்டு என் கணவர் முன்னே நடந்தார்.

எங்கள் ஒரே கட்டிலை அவருக்குக் கொடுத்தோம். கோபத்தோடு சமைத்தும் விரால் குழம்பு நன்றாக வந்துவிட்டது. அது என் பிழை. காலையில் அவர் காசை நீட்ட, இவருக்கு முகம் கறுத்தது.

மார்கழியில் முடிவு வந்தது. இவர்தான் வாசித்தார்.

"வெளியூரார் யாவரும் உறவினர் வீடுகளிலேயே தங்குகின்றனர். மதிப்பிடச் சென்ற உத்தியோகத்தருக்கே ஒரு குடும்பம் சிரமமின்றி, கட்டணமின்றி இடமளித்தது. ஆகவே ஹோட்டல் தேவையில்லை."

இவர் திரும்பத் திரும்ப அதையே வாசித்தார். எனக்கு ஏச வாய் வரவில்லை. இனி எதை வைத்துச் சீவிக்கப்போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கக் கிடுகைக் கழற்றினோம். அப்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள்.

"காலமை ஆஸ்பத்திரியிலை காட்டவேணும் அக்கா. இஞ்சை தங்க இடம் இருக்கோ?"

கழற்றிய கிடுகோடு இவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக, பதிலை என்னிடம் விட்டிருந்தார். இல்லை என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"வா பிள்ளை, எங்கடை வீடு இருக்கு" என்றேன்.