கழுவிய கடல்

மாமனார் வீட்டு அழைப்பு மணியை அவன் மதிப்பீட்டாளனாகத்தான் அழுத்தினான். மருமகன் என்ற உறவு போன வருடம் மனைவி இறந்த ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டதாக இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்டிருந்தன. ஆனால் கிழவர் வீட்டை விற்றுவிட்டுச் சின்ன ஃபிளாட்டுக்குப் போகிறார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பழைய வரைபடங்களுக்கு விலை போட ஆள் வேண்டும். அந்த ஊரில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கதவைத் திறந்தது மைத்துனன்.

"வாங்க மச்சான். முதல்ல கையைக் கழுவுங்க. அப்பா சோப்பை எடுத்து வச்சுட்டு உக்காந்திருக்காரு. ஆபரேஷன் தியேட்டர் தோத்துடும்."

சொன்ன பிறகு மைத்துனன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் கையைக் கழுவினான்.

அறையில் பாதி சாமான்கள் பெட்டிக்குள் போயிருந்தன. மூலையில் பூகோள உருண்டை. அச்சிட்ட தாளை இலை இலையாக நறுக்கி ஒட்டியது. வந்தவர் போனவரெல்லாம் சுழற்றிச் சுழற்றி, பூமத்திய ரேகைப் பக்கம் வழுக்கை விழுந்திருந்தது.

"நடுவுல தேஞ்சுபோச்சு மாமா. பாதி விலைதான் வரும்."

"பாதி உருண்டையை வச்சு நான் என்ன, பிச்சையா எடுக்கறது? நல்லாப் பாத்துச் சொல்லு."

மகள் இருந்தவரை 'நீங்க' என்று பேசியவர். இப்போது 'நீ'.

இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். லென்ஸை வைத்து, அசல் அச்சுக்கு அடையாளமாக, செப்புத் தகட்டின் விளிம்பு தாளில் அழுத்திய பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவி, விலை சொல்லிக்கொண்டே போனான். அந்தத் தொழிலில் முதலில் பழக வேண்டியது கண்ணை அடக்குவது. பிடித்ததைச் சட்டென்று கீழே வைத்துவிட வேண்டும். பிடிக்காததைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவன் படத்தைப் பார்ப்பதில்லை, வாங்குபவன் கண்ணைத்தான் பார்ப்பான். கிழவர் தன் சேகரிப்பில் பாதியை அப்படித்தான் அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தார்.

கடைசி இழுப்பறையின் அடியில், அட்டைக்குக் கீழே ஒன்று கிடந்தது.

"அதை விடு. சின்னப் புள்ள கிறுக்குனது. கெட்டுப்போச்சு."

கடல் வரைபடம். தீவுகள், திசைகளைக் காட்டும் பூ வடிவம், நடுவில் ஒரு கப்பல். கடல் முழுக்கக் குழந்தைத்தனமான நீலம், திட்டுத்திட்டாக. கப்பலில் மட்டும் வண்ணமே இல்லை. அதற்குச் சற்று முன்னால் தூரிகைக் கோடு ஒன்று திடீரென்று சறுக்கி, கடலைத் தாண்டி, தரையேறி ஓடியிருந்தது.

கல்யாணமான முதல் வாரமே மனைவி இதைச் சொல்லியிருந்தாள், சிரித்துக்கொண்டே. "கப்பலுக்குப் பூசறதுக்குள்ள அப்பா வந்துட்டாரு. கையைப் பிடிச்சு இழுத்தாரு பாரு, கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு. அப்புறம் முதுகுல விழுந்துச்சு." எரித்திருப்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தியபோது கிழவர் படத்தைப் பார்க்கவில்லை.

"இதுக்கு விலை இல்ல மாமா. நான் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

அவளுக்காக என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குரல் உடையும். அந்த மனிதருக்கு முன்னால் உடைய மனம் வரவில்லை.

"சும்மாதான். கெட்டுப்போனதுக்கு மாதிரி காட்ட, கடையில ஒண்ணு இருந்தா நல்லது."

"மாதிரிக்கா இவ்வளவு நேரம் பாத்தே?" கிழவர் படத்தை உருவிக்கொண்டார். "என் காதுலயே பூ சுத்தப் பாக்கறியா? நீ பொறக்கறதுக்கு முந்தியே இந்த வித்தையெல்லாம் பண்ணவன் நான். மிச்சத்தை எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு."

மைத்துனன் வாசல்வரை வந்தான். "அவரு கையில ஒரு தடவை சிக்கிட்டா விடமாட்டாரு மச்சான். அக்கா விஷயத்துல மட்டும்தான் தோத்தாரு, உங்ககிட்ட."

ஒரு மாதம் கழித்துக் கிழவரே கூப்பிட்டார். புது ஃபிளாட்டில் நாற்காலிகூடச் சரியாகப் போட்டிருக்கவில்லை. மேஜை மட்டும் துடைத்து வைத்திருந்தது. அதன்மேல் அந்தப் படம், வெள்ளை வெளேரென்று.

"வெளியூர்ல ஒருத்தன்கிட்டக் கொடுத்துக் கழுவினேன். தொட்டித் தண்ணி முழுக்க நீலமாயிடுச்சாம், அவ்வளவு அழுக்கு. இப்ப சொல்லு. இது முதல் அச்சுதானே? அதைத்தானே அன்னிக்குக் கண்டுபிடிச்சே?"

அவன் லென்ஸை எடுத்தான். கரையோரக் கோடுகள் மழுங்கியிருந்தன. சில எழுத்துகள் பாதிதான் விழுந்திருந்தன. சறுக்கிய கோடு இருந்த இடத்தை விரலால் தடவினான். தாள்தான் தட்டுப்பட்டது.

"தகடு தேஞ்சப்புறம் எடுத்த அச்சு மாமா. எல்லாக் கடையிலயும் கிடைக்கும். கழுவுன கூலிகூடத் தேறாது."

"பொய். அப்புறம் எதுக்கு வாயைப் பொளந்து பாத்துட்டு நின்னே?"

"கப்பலுக்கு மட்டும் ஏன் வண்ணம் இல்லன்னு எனக்குத் தெரியும். அதைத்தான் பாத்தேன்."

கிழவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னாளா உன்கிட்ட?"

"சொன்னா. முதுகுல விழுந்ததையும்."

பக்கத்து அறையில் மைத்துனன் பெட்டி பிரிக்கும் சத்தம் நின்றது. கிழவர் படத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே மாப்ள. கொடுத்திருப்பேனே."

கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் போயிருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவன் படத்தை எடுக்கவில்லை. லென்ஸை உறையில் போட்டான்.

"அந்தத் தண்ணிய என்ன பண்ணாங்க மாமா?"

"எந்தத் தண்ணி?"

"தொட்டித் தண்ணி."

கிழவர் அவனையே பார்த்தார்.

"கொட்டியிருப்பாங்க."