தண்ணீரில் கரைந்த பலகை

1

இந்தக் கதை பிறந்தது என் கோழைத்தனத்தில். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்ள வேண்டாம். நான் காஜா மைதீன், ரங்கூன் மொகல் தெருவில் குடை விற்கிறவன். சண்டைக்காலத்தில் பட்டாளத்துச் சமையல்காரனாக இராக்கின் பஸ்ராவுக்குப் போனவன், இடையில் ரங்கூன் வந்து கல்யாணம் முடித்து, மறுபடி அங்கே போய், 1927இல் கிர்க்குக் பக்கம் ஒரு மண்மேட்டைத் தோண்டிய வெள்ளைக்காரத் துரையிடம் வேலையில் இருந்தேன். மேட்டுக்கு அடியில் ஹுரியர் என்ற பழைய மக்களின் பட்டணம்.

2

முதல் வரைவு: "பர்கத்துல்லா என்ற கங்காணி, மண்ணுக்குள் கிடைத்த களிமண் பலகையைக் கழுவி..."

[அடித்துவிட்டேன். கங்காணி கழுவவில்லை.]

இரண்டாம் வரைவு: "யாரோ ஒருவர் அதைக் கழுவி..."

என் மனைவி லத்தீபா பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"யாரோன்னா யாரு மச்சான்? நீங்கதானே? கங்காணி பேரு ஜாபர்னுதானே சொன்னீங்க? பேரையும் மாத்தி, பழியையும் அவரு தலையில போடுறீங்களே, நல்லாவா இருக்கு?"

"கதைன்னா அப்படித்தான்."

"அப்ப கதை வேணாம். நடந்ததை எழுதுங்க."

(குறிப்பு: விமர்சகரை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.)

3

நடந்தது இது. பலகை முழுக்க ஆப்பு அடித்த மாதிரி எழுத்து, மேலே சேறு. எழுத்தின் மேல் அழுக்கு இருக்கக் கூடாது என்று ஓதுகிற பள்ளியில் பழகிய கை என்னுடையது. பிஸ்மி சொல்லி, வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்தேன். சுடாத மண். விரலிடுக்கில் கரைந்து போயிற்று. அதில் இருந்தது வீட்டுப் பத்திரமோ, தத்துப் பத்திரமோ, இனி ஒருவருக்கும் தெரியாது.

துரை வந்தார். நான் வாய் திறப்பதற்குள் ஜாபர் முந்திக்கொண்டு, "நான்தான் கழுவச் சொன்னேன்" என்றார். ரங்கூனில் லத்தீபா அப்போது பிள்ளைத்தாய்ச்சி என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கே அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கடை, என் மகள் சைதா, நான் சாப்பிடுகிற சோறு, எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தவை. அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

4

முடிவு: "அடுத்த வருஷமே ஜாபரைத் துரை திரும்ப அழைத்து..."

[பொய். கிழித்தாயிற்று.]

துரை இன்னும் அங்கேதான் தோண்டுகிறார். அவர் பெயருக்கு ஒரு உறை மேஜைமேல் இருக்கிறது. லத்தீபா தபால்தலைகூட ஒட்டிவிட்டாள். உள்ளே இரண்டே வரி: கழுவியது நான். ஜாபர் கழுவச் சொல்லவில்லை.

அதைத் தபாலில் போட்ட பிறகுதான் இந்தக் கதையை அச்சுக்குக் கொடுப்பேன். ஆகவே அச்சில் படிக்கிறீர்கள் என்றால், போட்டுவிட்டேன். என் கையெழுத்தில் படிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து மொகல் தெருவுக்கு வாருங்கள். சைதா காதில் விழும்படியே கேளுங்கள், கடிதம் எங்கே என்று.